பழைய படகு மோட்டாரில் தீப்பொறி எங்கே தொலைகிறது?

படகின் பின்பலகையில் மாட்டிய மோட்டாரின் கயிற்றை இருபது முறை இழுத்தும் அது உயிர் பெறாதபோது, சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது "கரண்ட் வரவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ப்பு பல நேரங்களில் சரியாகவே இருக்கும். அதன் பிறகு நடப்பதுதான் தவறிப்போகிறது. ஒருவர் காயிலை மாற்றச் சொல்வார், இன்னொருவர் பொறி விடச் செய்யும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. போய்விட்டது என்பார். விலை கொடுத்து வாங்கி வந்த புதுப் பொருளை மாட்டிய பிறகும் மோட்டார் முன்போலவே கிடக்கும். இத்தகைய மோட்டார்களில் மின்சாரம் பிறக்காமலே போவதைவிட, பிறந்த மின்சாரம் ஸ்பார்க் பிளக்கின் முனையை அடையுமுன் வேறு வழியில் இன்ஜினின் உலோக உடலுக்குள் இறங்கிவிடுவதே அதிகம் என்பது என் கணிப்பு. மெக்கானிக்குகள் அந்த உலோக உடலைப் 'பாடி' என்றும் 'எர்த்' என்றும் சொல்வார்கள். ஆகவே மின்சாரம் வருகிறதா என்று மட்டும் கேட்காமல், அது எந்த இடத்தில் பாடிக்கு இறங்குகிறது என்று கேட்கப் பழகியவர், பணம் செலவழிக்கும் முன்பே கோளாறின் பக்கத்தில் போய் நின்றுவிடுவார்.

இங்கே பேசப்படுவது கயிறு இழுத்து இயக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களைப் பற்றி. தமிழகக் கடற்கரையில் இவற்றை ஓ.பி.எம். என்றும், இலங்கைத் தமிழில் வெளியிணைப்பு இயந்திரம் என்றும் வழங்குவர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் முதல், யமஹா 1960இல் தன் முதல் அவுட்போர்டை வெளியிட்ட காலத்தையும் தாண்டி, பல பத்தாண்டுகளாக இவ்வகைச் சிறிய மோட்டார்கள் பேட்டரியை நம்பியிராமல், தாங்களே மின்சாரம் செய்து தாங்களே பொறி விட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கின்றன. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால், மீதியைக் கையே தேடிக்கொள்ளும்.

பேட்டரி இல்லாமல் பொறி பிறக்கும் விதம்

மோட்டாரின் மேல்மூடியைத் திறந்தால் உச்சியில் தெரியும் கனமான சக்கரமே ஃப்ளைவீல். அதன் உட்புறத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரத்துக்குக் கீழே, அசையாத ஒரு தட்டின் மேல், இரும்புத் தகடுகளைச் சுற்றிக் கம்பி சுற்றிய காயில்கள் இருக்கும். காந்தம் ஒரு கம்பிச் சுருளைக் கடந்து போகும்போது அச்சுருளில் மின்சாரம் எழும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்ததையே நாம் ஒவ்வொரு முறை கயிறு இழுக்கும்போதும் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் அப்படி எழும் மின்சாரத்தின் அழுத்தம், பிளக்கின் முனையில் உள்ள இடைவெளியைத் தாண்டப் போதாது. எனவே காயிலில் இரண்டு சுற்றுகள் வைத்தார்கள்: தடித்த கம்பியால் சில நூறு சுற்று, அதன் மேல் மயிரிழை போன்ற கம்பியால் பல ஆயிரம் சுற்று. தடித்த சுற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திடீரென அறுத்தால், அதுவரை அங்கே நிலவிய காந்தப்புலம் கண நேரத்தில் சரிந்து, மெல்லிய சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை எழுப்பும். அந்த அழுத்தமே ஹை டென்ஷன் வயர் வழியாகப் பிளக்குக்குப் போய்ப் பொறியாகத் தாவுகிறது.

சரியான கணத்தில் அறுக்கும் வேலையைச் செய்வது 'சிபி பாயிண்ட்' என்ற இரட்டைத் தொடுமுனை. பழைய ஜாவா, எஸ்டி வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள ஒரு மேடு வந்து தள்ளும்போது பாயிண்ட் திறக்கும்; திறந்தவுடன் மின்சாரம் அறுந்து பொறி பிறக்கும். பாயிண்டுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் இருக்கும் உலோக உருளைக்குக் கண்டென்சர் என்று பெயர். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கேயே பொறி தாவி, முனைகளைச் சுட்டுப் பொசுக்கிவிடாதபடி மின்சாரத்தை வாங்கிக்கொள்வதும், அதன் மூலம் அறுப்பைக் கூர்மையாக்குவதும் அதன் வேலை.

பிற்கால மோட்டார்களில் பாயிண்டை நீக்கிவிட்டு சி.டி.ஐ. என்னும் மின்னணுப் பெட்டியை வைத்தார்கள். அங்கே ஃப்ளைவீலுக்கு அடியில் உள்ள சார்ஜ் காயில் சில நூறு வோல்ட் மின்சாரத்தைச் செய்து, பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கியை நிரப்பும். பல்சர் காயில் என்ற சிறு காயில் "இப்போது" என்று சைகை தந்ததும், தேங்கிய மின்சாரம் முழுவதும் இரட்டைச் சுற்றுக் கொண்ட இக்னிஷன் காயிலுக்குள் ஒரே வீச்சாகக் கொட்டப்படும். தேயும் பாகம் இல்லை, பாயிண்ட் இடைவெளி சரிசெய்யும் வேலையும் இல்லை. கெட்டுப்போனால் உள்ளே பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை.

முதலில் எரிபொருளா, பொறியா?

பொறியைத் தேடக் கிளம்புமுன், குறை உண்மையிலேயே பொறியில்தானா என்று பார்ப்பது நல்லது. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்ற விதத்தை நினைவுபடுத்திப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எரிபொருள் தீரும்போது மோட்டார் மூச்சுத் திணறி, வேகம் ஏறியும் இறங்கியும் தள்ளாடி, அதன் பிறகே அடங்கும். பொறி போனாலோ சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்றுவிடும். எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர்ப் பந்தை அமுக்கியதும் மோட்டார் மறுபடி நிமிர்ந்தால், மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். டேங்க் மூடியின் காற்றுத் துளையைத் திறந்தார்களா என்று பார்த்தால் போதும்.

இழுத்துப் பார்த்தும் கிளம்பாத மோட்டாரில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் எரிபொருளில் நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, எரியவில்லை என்று பொருள். சந்தேகம் பொறியின் மேல் விழுகிறது. உலர்ந்திருந்தால் சந்தேகம் கார்புரேட்டரின் மேல்.

மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடி மோட்டார்களில் இந்தச் சோதனை சற்று ஏமாற்றும். அவற்றைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால், மறுநாள் காலை கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாமல் பிளக்கை நனைத்துக்கொண்டே இருக்கும். பொறி நன்றாக இருந்தும் மோட்டார் கிளம்பாது. நிறுத்துவதற்குச் சற்று முன்பே பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிடுவது இதற்காகத்தான்.

பொறியைப் பார்க்கும் முறை

பிளக்கைக் கழற்றி, அதன் கேப்பை மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதியை இன்ஜினின் மேல் வைத்துக் கயிறு இழுத்துப் பார்ப்பது எல்லோரும் அறிந்த முறை. இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது ஆபத்து: இழுக்கும்போது பிளக் துளையிலிருந்து எரிபொருள் புகைபோலப் பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி தாவினால் தீப்பிடிக்கும். பிளக்கைத் துளைக்கு எட்டாத தொலைவில் வைக்க வேண்டும். துளையை ஈரமில்லாத துணியால் மூடிவிடுவது மேல். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். வயரைக் கையால் பிடித்துக்கொண்டு இழுக்கக் கூடாது. அது தரும் அதிர்ச்சி சாதாரணமானதல்ல, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

இரண்டாவது குறையைப் பலர் கவனிப்பதில்லை. வெளிக்காற்றில் பிளக்கின் சிறிய இடைவெளியைத் தாண்டுவது பொறிக்கு எளிது. சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். வெளியே பளிச்சென்று தெரிந்த பொறி உள்ளே போனதும் காணாமல் போவதற்கு இதுவே காரணம். எனவே இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொறிச் சோதனைக் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, விலை அதிகமில்லை. பாயிண்ட் வைத்த மோட்டாரில் பொறி சுமார் 6 மில்லிமீட்டரும், சி.டி.ஐ. மோட்டாரில் சுமார் 11 மில்லிமீட்டரும் தாவினால், 'சட்' என்ற ஓசையுடன் நீலமும் வெள்ளையுமாகத் தெரிந்தால், பொறியில் குறையில்லை எனலாம். மஞ்சளாக, நூல்போல மெலிந்து, விட்டுவிட்டுத் தாவினால் அது இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

சோதனையின்போது எல்லா பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். அமுக்கம் இல்லாததால் ஃப்ளைவீல் வேகமாகச் சுழலும்; பழைய சி.டி.ஐ. பல, நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று கிடைத்தால்தான் பொறியே விடும். அதே சமயம் எந்த ஹை டென்ஷன் வயரையும் அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்கக் கூடாது. தாவ இடம் கிடைக்காத மின்சாரம் காயிலையோ சி.டி.ஐ.யையோ உள்ளுக்குள் துளைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். சோதிக்கப்போய்க் கெடுத்த கதைகளில் பாதி இப்படி ஆனவைதான்.

இரண்டு சிலிண்டர் மோட்டாரில் இரண்டிலும் பொறி இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா என்பது முக்கியமான கேள்வி. ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அந்தச் சிலிண்டருக்கே உரிய பொருள்களில் குறை: பிளக், கேப், வயர், காயில், பாயிண்ட், கண்டென்சர். அப்போது கழற்றக்கூடிய பொருளை மறு சிலிண்டரின் பொருளோடு இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். குறையும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி போயிருந்தால், இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். பொதுவானவற்றில் முதலில் பார்க்க வேண்டியது, பெரும்பாலானவர்கள் கடைசியில் பார்ப்பது.

நிறுத்தும் கம்பி

வீட்டுச் சுவிட்ச் மூடினால் விளக்கு எரியும், திறந்தால் அணையும். இந்த மோட்டார்களின் நிறுத்தும் சுவிட்ச் அதற்கு நேர் எதிரானது. அது திறந்திருக்கும் வரை மோட்டார் ஓடும். அதை அழுத்தி மூடினால், காயிலிலிருந்தோ சி.டி.ஐ.யிலிருந்தோ வரும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் நேராகப் பாடிக்கு இறங்கி, மோட்டார் நின்றுவிடும். கார் பழகியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, "சுவிட்ச் கெட்டால் மோட்டார் நிற்காமல்தானே போகும்" என்று வாதிடுவார்கள். அப்படியும் ஆகலாம். ஆனால் உப்புக் காற்றில் பத்தாண்டு கிடந்த சுவிட்சுக்குள் ஈரமும் களிம்பும் சேர்ந்து, யாரும் அழுத்தாமலே அது பாதி மூடியதுபோல் ஆகிவிடுவதும், சுவிட்சுக்குப் போகும் கம்பியின் மேலுறை எங்காவது தேய்ந்து செம்பு வெளியே வந்து பாடியைத் தொடுவதும் சாதாரணமாக நடப்பவை.

அதற்கும் முன் ஒன்று. ஓட்டுபவர் கடலில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவதற்காக, கையில் கட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிற்றின் கிளிப் தன் இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மோட்டாரை அரைமணி நேரம் இழுத்துக் களைத்தவர்களில் நானும் ஒருவன், சொல்லிக்கொள்ளப் பெருமையில்லை.

கிளிப் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால், நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் கம்பியை, அது சி.டி.ஐ.யையோ பாயிண்டையோ சேரும் இணைப்பில் கழற்றி விடுங்கள். யமஹாவில் அது வெள்ளைக் கம்பியாக இருக்கும். பிற்கால ஜான்சன், எவின்ரூட், மெர்குரி மோட்டார்களில் மஞ்சள் கோடு போட்ட கருப்புக் கம்பி. கழற்றிய பிறகு மறுபடி பொறியைச் சோதியுங்கள். இப்போது பொறி வந்தால் காயில், பாயிண்ட், சி.டி.ஐ. எல்லாமே நிரபராதிகள், குறை சுவிட்சிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, கழற்றிய கம்பியைப் பாடியோடு அளந்தும் இதை உறுதிப்படுத்தலாம்: கிளிப் மாட்டியிருக்கும்போது தொடர்பே காட்டக் கூடாது, பொத்தானை அழுத்தும்போது பூஜ்யத்துக்கு அருகில் காட்ட வேண்டும். அதிகாலையில் கிளம்பாமல் வெயில் ஏறிய பிறகு ஒரே இழுப்பில் கிளம்பும் மோட்டார்களில் இந்தச் சோதனையை நான் முதலில் செய்வேன். சுவிட்சுக்குள் படிந்த உப்பு பனியில் ஈரமாகும்போது மின்சாரத்தைக் கடத்தும். வெயிலில் உலர்ந்தால் கடத்தாது.

பிளக், கேப், வயர்

பிளக்கைச் சந்தேகப்பட்டால் புதிதாக ஒன்று போட்டுப் பார்ப்பதே குறுக்கு வழி. பழைய டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிந்த கரி பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால், இடைவெளியைத் தாண்டுவதைவிடக் கரியின் மேலேறிப் பாடிக்குப் போவது பொறிக்கு எளிதாகிவிடும். இதுவும் ஒரு கசிவுதான். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றிக் கலப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். புது பிளக்கின் எண்ணும் இடைவெளியும் அந்த மோட்டாரின் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். பழைய ஜான்சன், எவின்ரூட் பலவற்றுக்கு இடைவெளி 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர்.

கேப் பல மோட்டார்களில் வயரின் நுனியில் திருகி மாட்டப்பட்டிருக்கும். அதைத் திருகிக் கழற்றி, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் வயரின் நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய செம்பில் மறுபடி திருகுங்கள். வயரின் மேலுறையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, இருட்டிய பிறகு மோட்டாரை ஓடவிட்டு மேல்மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை. பகலில் எதுவும் தெரியாத இடத்தில் நீலக் கீற்றுகள் ஓடுவதைக் காணலாம். கையையும் துணியையும் சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஃப்ளைவீலுக்கு அடியில்

இதுவரை பார்த்தவை எல்லாம் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால், பாயிண்ட் வைத்த மோட்டாரில் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டிவரும். சில மோட்டார்களில் சக்கரத்தின் மேலுள்ள சிறு துளை வழியாகவே பாயிண்டைப் பார்க்கலாம்; அங்கே முதலில் எட்டிப் பாருங்கள். கழற்றுவதென்றால் நடு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தின் மையத்தில் உள்ள மறைத் துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லரைப் பயன்படுத்த வேண்டும். சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் நகப் புல்லர் சக்கரத்தை வளைத்துவிடும். சுத்தியலால் அடித்தால் காந்தம் உடையலாம், கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங் கெடலாம். புல்லர் இல்லையென்றால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு இரவல் வாங்கி வருவதே லாபம்.

சக்கரத்தை எடுத்ததும் பாயிண்டைப் பார்க்குமுன் ஷாஃப்ட்டில் உள்ள அரைவட்டச் சாவியைப் பாருங்கள். உண்மையில் சக்கரத்தை இறுகப் பிடித்து வைப்பது கூம்பு வடிவ ஷாஃப்ட்டின் பிடிப்பு. சாவி அதன் திசையை மட்டும் காட்டுகிறது. நட்டு தளர்ந்திருந்தாலோ, புரொப்பெல்லர் எதிலாவது மோதி நின்றிருந்தாலோ சாவி பாதி அறுந்து, சக்கரம் சில பாகை நகர்ந்துவிடும். அப்போது பொறி நன்றாகவே வரும்; வர வேண்டிய நேரத்தில் வராது. மோட்டார் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்குவதுபோல் எதிர்த்து உதைத்தாலும், கார்புரேட்டர் வழியாகத் துப்பினாலும் இந்தச் சாவியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்டில் மிகப் பொதுவான குறை கண்ணுக்கே தெரியாது. பல மாதம் ஓடாமல் கிடந்த மோட்டாரின் பாயிண்ட் முனைகளில் மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகி, முனைகள் தொட்டும் மின்சாரம் ஓடாமல் செய்துவிடும். இது கசிவல்ல, தடை. பிசிர் இல்லாத சுத்தமான அட்டைத் துண்டை முனைகளுக்கிடையே விட்டு இழுத்தால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லையென்றால் பாயிண்டுக்கென்றே விற்கும் மெல்லிய அரத்தால் ஓரிரு முறை தேய்த்து, பிறகு அட்டையால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம்; அதன் துகள்கள் முனையில் பதிந்து நின்றுவிடும். புதுப் பாயிண்டிலும் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு, புதுப் பாயிண்டே மோசம் என்று திட்டியவர்கள் உண்டு.

இடைவெளி, பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும் நிலையில், பல பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடால் அளக்க வேண்டும். கேஜில் எண்ணெய் இருந்தால் இப்போது துடைத்த முனையில் மறுபடி எண்ணெய் ஏறிவிடும் என்பதைக் கவனியுங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகவே திறந்து பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். எனவே இது முனைகளின் சுத்தத்தோடு மட்டும் முடிகிற விஷயமல்ல, மோட்டாரின் டைமிங்கும் இதில்தான் இருக்கிறது. இரண்டு சிலிண்டர் மோட்டாரில் இரண்டு பாயிண்டுகளும் ஒரே அளவில் இருந்தால்தான் மெதுவோட்டம் சீராக இருக்கும்.

முனைகள் குழி விழுந்து, நீலம் பாரித்துச் சுட்டிருந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். மின்தேக்கத்தை அளக்கும் மல்டிமீட்டரில் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். அளவு சரியாக இருந்தும் அழுத்தம் ஏறும்போது கசியும் கண்டென்சர்கள் உண்டு. பாயிண்டை மாற்றும்போது இதையும் சேர்த்தே மாற்றிவிடுவது வழக்கம்.

கடைசியாகக் காயில். 1950, 60களில் செய்த காயில்களின் மேற்பூச்சு வயதானால் பிளந்துவிடும். அக்காலத்து மோட்டார் ஒன்றை வாங்குபவர், பிளந்த காயில்கள் அதிலேயே இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் திறக்க வேண்டும். பிளவுக்குள் ஈரமும் உப்பும் புகுந்ததும், பல ஆயிரம் வோல்ட் பிளவின் வழியாக நடு இரும்புக்குத் தாவிவிடும். மல்டிமீட்டரால் ஓம் அளந்தால் இந்தக் காயில் நல்லதென்றே காட்டும். மீட்டருக்குள் இருப்பது சில வோல்ட் பேட்டரி. அந்த அழுத்தத்துக்குப் பிளவு தெரியாது. ஆகவே ஓம் அளவு, கம்பி அறுந்திருக்கிறதா என்பதைச் சொல்லும். கசிகிறதா என்பதைச் சொல்லாது. காயிலின் மேல் வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள்.

காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும் வகை சக்கரமானால், ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பாருங்கள். பசை விட்டுக் கழன்ற காந்தம் இடம் மாறி ஒட்டிக்கொண்டாலே பொறி குழம்பும். ஓடும்போது கழன்றால் கீழேயுள்ள காயில்களைச் சிதைத்துவிடும்.

சி.டி.ஐ. பெட்டியைக் குற்றம் சொல்லுமுன்

சி.டி.ஐ. மோட்டாரில் முதல் வேலை எர்த் கம்பிகள். பெட்டியிலிருந்தும் இக்னிஷன் காயில்களிலிருந்தும் வரும் கருப்புக் கம்பிகள் இன்ஜினில் திருகப்பட்டிருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, மறுபடி இறுக்க வேண்டும். பொறிக்குப் பாடி வழியாகத் திரும்பும் பாதையும் வேண்டுமல்லவா. உப்பு அந்தப் பாதையைத்தான் முதலில் தின்னும்.

பிறகு சார்ஜ் காயில், பல்சர் காயில் இரண்டின் ஓம் அளவையும் கையேட்டோடு ஒப்பிடலாம். அவை ஓடும்போது தரும் அழுத்தத்தைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. துடிப்பு மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால், உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் காட்டும் அடாப்டர் ஒன்றை மீட்டரோடு சேர்க்க வேண்டும். கயிறு இழுக்கும்போது சார்ஜ் காயில் 150 வோல்ட்டுக்கு மேல் தருவது பல பழைய மோட்டார்களில் எதிர்பார்க்கப்படுவது. அந்த அளவு கிடைத்து, பல்சரும் சரியாக இருந்து, நிறுத்தும் கம்பியையும் கழற்றிவிட்ட நிலையில், பெட்டியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு எதுவும் போகவில்லையென்றால் மட்டுமே பெட்டியின் மேல் குற்றம் நிற்கும். இவற்றைச் செய்யாமல் பெட்டியை மாற்றுவது சூதாட்டம். எவின்ரூட் பெயரிலான மோட்டார்களின் உற்பத்தியே 2020இல் நின்றுபோன பிறகு, பழைய மோட்டாருக்குச் சூதாடுவதற்கான பொருளும் மலிவாகக் கிடைப்பதில்லை.

சூடானால் நிற்கும் மோட்டார்

கரையில் முதல் இழுப்பிலேயே கிளம்பி, இருபது நிமிடம் ஓடியதும் வெட்டி நின்று, ஆறிய பிறகு ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும் மோட்டார்தான் பொறுமையை அதிகம் சோதிப்பது. சூட்டில் காயிலின் மெல்லிய கம்பி விரிந்து, ஏற்கெனவே விட்டிருந்த இடத்தில் தொடர்பு அறுந்துவிடும். ஆறும்போது மறுபடி தொட்டுக்கொள்ளும். ஆறிய மோட்டாரைப் பட்டறையில் அளந்தால் எல்லாம் சரியென்றே காட்டும். அதனால் இந்தச் சோதனையை மோட்டார் நின்ற அதே நிமிடத்தில், மூடி கொதிக்கும்போதே செய்ய வேண்டும். பொறிச் சோதனைக் கருவியையும் பிளக் ஸ்பானரையும் படகிலேயே வைத்திருப்பவருக்குத்தான் அது முடியும். துணைக்கு ஆளில்லாமல், துடுப்போ இரண்டாவது மோட்டாரோ இல்லாமல் இதற்காக ஆழத்துக்குப் போவது கூடாது. கரையில் நீர்த்தொட்டியில் மோட்டாரை இறக்கி ஓட்டியே அந்தச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும்.

பழுது பார்த்து முடிந்ததும், நட்டைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கி, பிளக் கேப்பின் உட்புறம் சிறிது சிலிகான் கிரீஸ் தடவி மாட்டி, அதே தொட்டியில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பதற்றம் வேண்டாம். சோக்கை முழுவதும் இழுத்தால் மூச்சுமுட்டி நின்றுவிடும். சோதனைக்காகக் கழற்றிய அந்த நிறுத்தும் கம்பி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், அதை எடுத்து மாட்டுங்கள்.